மருந்து கசக்கவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைச் சொன்னவள் நான்தான்.

போன வருஷம் எனக்கு முறைக்காய்ச்சல் கண்டு உள்ளூர் தர்மாஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெயில் சாயும் நேரத்துக்குக் குளிர் கிளம்பும். எத்தனை போர்வை போட்டாலும் பற்கள் தந்தியடிக்கும். பிறகு உடம்பு கொதிக்கும். பிறகு வேர்த்துக்கொட்டி, பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பேன். அப்படிக் கிடந்த ஒரு நாள், நோயாளிகளின் குறைகளை விசாரிக்க ஆஸ்பத்திரிக் கமிட்டியார் நியமித்திருந்த பெண்மணி என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"தேவலைங்களா?"

"தேவலைங்க."

அவள் திருப்தியாக அடுத்த கட்டிலுக்குப் போனாள். எனக்குத் தேவலையாக இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். எனக்கு யாரிடமும் பயமில்லை. அந்த அம்மாளிடம் அப்படியொரு மரியாதை என்றும் சொல்ல முடியாது. களைப்புத்தான். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல உடம்பில் தெம்பு இருக்கவேண்டும்.

(ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அரூருக்கும் மலைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும்தான் அங்கே. பெயர் போட்டால் யாரென்று தெரிந்துவிடும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த உலக யுத்த காலத்தில் கோபப்படவும் அலுப்பாக இருக்கிறது.)

2

முதல் ஆரம்பம் இப்படி எழுதினேன்:

"சித்தேரி மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கருப்பி தன் கைக்குழந்தையை—"

நிறுத்திவிட்டேன். மூடுபனியை நான் பார்க்கவில்லை. சித்தேரிக்கு நான் போனதே இல்லை. போகாத மலைக்குப் பனி போர்த்துவது எழுத்தாளர்களுக்குச் சுலபம். ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் கால் வலி.

இரண்டாவது ஆரம்பம்:

"நஞ்சம்மாள் இளகிய மனசுக்காரி. ஆனால்—"

இந்த "ஆனால்" விழுந்ததும் அவளை நான் கெட்டவளாக்கப் போகிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. என் கட்டிலருகே வந்து விசாரித்த பெண்மணிதான் நஞ்சம்மாள். அவள் கெட்டவள் இல்லை. நிறைய நிலம் உள்ள குடும்பத்துப் பெண். வீட்டில் படுத்துத் தூங்கலாம். அப்படியிருக்க, வாரம் தவறாமல் வெயிலில் நடந்து வந்து, கமலாப் பழத்தைத் தானே உரித்துக் கொடுத்து, பிறத்தியாருடைய சீக்கைக் கேட்டுவிட்டுப் போகிறாள். யாரும் அவளை வரச் சொல்லிக் கெஞ்சவில்லை.

மூன்றாவது:

"பெண்கள் பக்கத்தில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் கருப்பி. இன்னொன்றில் நான்."

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கருப்பிக்கும் என் காய்ச்சல்தான். எனக்குக் குளிரும் நாளில் அவளுக்கு ஓய்வு, அவளுக்குக் குளிரும் நாளில் எனக்கு ஓய்வு. அதனால் ஒருத்தி நடுங்குவதை இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருப்போம். "இன்னைக்கு உங்க முறைங்க" என்பாள் கருப்பி. சிரிப்பாள். நாளைக்குத் தன் முறை என்பதை அந்தச் சிரிப்பில் மறைக்கமாட்டாள்.

அவளுக்கு மலையில் பால்குடி மறக்காத பெண் குழந்தை. நாத்தனார் சின்னக்காவிடம் விட்டுவிட்டு இறங்கியிருந்தாள். ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டேன்.

"குளிரு வர்றப்ப கை என் பேச்சக் கேக்கறதில்லீங்க. ஒருக்கா புள்ள மடியில இருந்து உருண்டுருச்சு. அடுப்புக்குப் பக்கத்துல. சின்னக்கா எட்டிப் புடிச்சா. அதான் காச்சலு நிக்கறவரைக்கும் வேண்டாம்னு எறங்கிட்டன்."

பால் கட்டி வலிக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு துணியில் பீய்ச்சிக்கொள்வாள். ஆரம்பத்தில் துணி நனைந்து சொட்டும். பிறகு ஈரத்தோடு நின்றது. பிறகு அவள் அந்தத் துணியை என்னிடமிருந்து மறைக்கத் தொடங்கினாள்.

"பாலு வத்தறதுக்குள்ள காச்சலு நின்னுரணுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்தப் பால் ஒன்றுதான். நான் எவ்வளவு சுற்றி வளைத்து எழுதினாலும், அந்தத் துணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

நஞ்சம்மாள் வரும் நாளில் நர்ஸ் லூர்துமேரி படுக்கை விரிப்பைச் சரிசெய்துகொண்டே சொல்லுவாள்: "விசிட்டரம்மா வர்றாங்க. எல்லாரும் சட்டுனு தேவலையாயிடுங்க பார்க்கலாம்."

நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு, தேவலையாகிவிடுவோம்.

* ஒரு குறிப்பு. தேவலை என்ற சொல்லுக்குத் தனியாக நிற்கத் தெரியாது. நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை. அவளுக்கு இவள் தேவலை. செத்தால் தேவலை. எதற்கு எது என்று முன்னால் ஒன்று வந்தாகவேண்டும். நாம் அந்த முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்லப் பழகியிருக்கிறோம். கேட்கிறவர்களும் முன்பாதியைத் தேடுவதில்லை. நான் அன்றைக்கு விழுங்கிய முன்பாதி என்னவென்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

5

இது நடந்தது. நான் காதால் கேட்டது.

நஞ்சம்மாள் பழத்தை உரித்து, நார் எடுத்து, கருப்பியின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டுத்தான் கேட்டாள். (எப்போதும் அந்த வரிசைதான். கையில் பழத்தை வாங்கிக்கொண்ட பிறகு யாரால் குறை சொல்லமுடியும்?)

"என்ன புள்ள, தேவலையா?"

"தேவலைங்க ஆயா."

"மருந்து எப்பிடி இருக்குது?"

கருப்பி பழத்தைப் பார்த்தாள். வாயில் போடவில்லை.

"கசக்கறதே இல்லீங்க ஆயா."

"கசக்கலையா! அட, பரவால்லையே. எங்க பண்ணையாளு மாது, காச்சலுக்குக் குடுக்கற கொயினாத் தண்ணியக் கண்டாலே வேலி தாண்டி ஓடுவான்."

"மின்ன ஒருக்கா வந்தப்ப கசந்துச்சுங்க. நாக்குல பட்டா உச்சிவரைக்கும் ஏறும். காது ரெண்டும் ஙொய்யின்னு சத்தம் போடும். இப்ப ஒண்ணுமே இல்லீங்க. தண்ணியாட்டம் எறங்குது."

"சொகமா எறங்குதுன்னு சொல்லு! குடுத்து வெச்சவதான் போ."

கருப்பி ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு, "ஆமாங்க" என்றாள். பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

போகும்போது நஞ்சம்மாள் டாக்டர் அறை வாசலில் நின்றாள். "டாக்டரையா, மலைக்காரப் பொண்ணு சொல்லுது, மருந்து இப்பக் கசக்கறதே இல்லையாம்! எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி."

திறந்த கதவு வழியாக எனக்கு டாக்டரின் பாதி முகம் தெரிந்தது. எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிரவில்லை.

"சரிங்கம்மா" என்றார்.

* கருப்பி ஏன் "இது மருந்து இல்லை" என்று நேராகச் சொல்லவில்லை? என்னால் ஊகிக்கத்தான் முடியும். கொடுத்தவரை எதிரில் வைத்துக்கொண்டு கொடுத்த பொருளைக் குறை சொல்லக்கூடாது என்று அவளை வளர்த்திருப்பார்கள். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அவளால் ஆனது, அந்தப் பொருளில் இல்லாததை எடுத்துச் சொல்வது. அதைச் சொல்லிவிட்டாள். தன் அளவில் அவள் பெரிய புகார் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். அது ஆஸ்பத்திரியைத் தாண்டுவதற்குள் பாராட்டாகிவிட்டது.

6

இதற்குப் பிறகு வருவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நானே கற்பனை செய்துகொண்டது.

நஞ்சம்மாள் வீட்டில் பேத்தி குள்ளம்மாளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாள். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கரைத்து, பாலாடைச் சங்கில் ஊற்றி, குழந்தையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்திருக்கிறாள். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு திமிறுகிறது.

"தொறடி வாய! கசக்காம அது என்னடி மருந்து—"

பாலாடை அந்தரத்தில் நிற்கிறது.

(இந்த இடத்தை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளில் அது ஒன்றுதான். அதனாலேயே இதைச் சந்தேகப்படுகிறேன். நிஜத்தில் ஜனங்களுக்கு இவ்வளவு வசதியான நேரத்தில் எதுவும் புரிவதில்லை.)

அவள் திரும்பி வருகிறாள். பழம் இல்லாமல் வருகிறாள். டாக்டர் அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்காராமல் கேட்கிறாள்.

"மருந்துல தண்ணி ஊத்தறீங்களா?"

"ஊத்தறேன்."

இப்படி உடனே ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. திருடுகிற டாக்டர் ஒருவரைத்தான் மனதில் வைத்திருந்தேன். எழுதும்போது வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். கண்ணுக்குக் கீழே கறுத்து, சட்டைக் காலர் நைந்துபோனவர்.

"கொயினா ஜாவாத் தீவிலிருந்து வரணும். சண்டையில அந்தத் தீவு இப்ப ஜப்பான்காரன் கையில. தருமபுரிக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறதைப் பெண்கள் பக்கத்துல ரெண்டு பேருக்கும் பங்கு வெக்கறேன். ரெண்டு பேருக்குமே பத்தாது."

"பத்தாதுன்னா எதுக்குங்க ரெண்டு பேருக்கும்?"

"சரியாக் கேட்டீங்க." அவர் முதல் தடவையாக நிமிர்கிறார். "ஒருத்தருக்கே குடுத்தா அந்த ஒருத்தர் எழுந்து நடப்பாங்க. எந்த ஒருத்தர்னு என்னால சொல்ல முடியலை. நீங்க குறை கேக்க வந்தவங்க. ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு வந்து கை காட்டுங்க. எந்தக் கட்டில்?"

நஞ்சம்மாள் எழுந்து—

இல்லை, அவள் உட்காரவே இல்லை. திரும்பி, எங்கள் அறை வாசற்படிவரை வந்து நிற்கிறாள்.

அங்கேதான் என் பேனாவும் நின்றது. பல வாரமாக நிற்கிறது.

7

ஒரு முடிவு: அவள் கருப்பியைக் காட்டுகிறாள். மருந்து கசக்கிறது. காது ஙொய்யென்கிறது. பால் வற்றுவதற்குள் கருப்பி மலையேறுகிறாள். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் நஞ்சம்மாளின் கடைசி மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரர் வாத்தியார். வாத்தியார் சம்சாரத்தைத் தாண்டி அந்த விரல் அடுத்த கட்டிலுக்குப் போகுமா?

இன்னொரு முடிவு: அவள் என்னைக் காட்டுகிறாள். உங்களுக்கெல்லாம் அவள்மேல் கோபம் வரும். தீவையும் சண்டையையும் மறந்துவிட்டு, வெயிலில் நடந்து வந்தவளைத் திட்டுவீர்கள்.

மூன்றாவதும் எழுதிப் பார்த்தேன். தருமபுரியிலிருந்து ஜட்கா வண்டியில் மருந்துப் பெட்டி வந்து இறங்குகிறது. கிழித்துவிட்டேன்.

நான் முடிக்க முடியாததற்குக் காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். இரண்டு கட்டிலில் ஒன்று என்னுடையது. எந்தப் பக்கம் எழுதினாலும் என் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுவதாகத்தான் ஆகும்.

உன் மருந்து கசந்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கே அது தெரிந்தால் தேவலை. காய்ச்சலில் வாயெல்லாம் கசப்பு. கஞ்சி கசந்தது, வெறும் தண்ணீர் கசந்தது. லூர்துமேரி கொடுத்ததும் கசந்தது. அது மருந்தின் கசப்பா, என் நாக்கின் கசப்பா? எனக்குக் காய்ச்சல் நின்றது. மருந்தால் நின்றதா, தானாக நின்றதா? யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நிஜத்தில் நடந்ததில் எனக்குத் தெரிந்த கடைசித் துண்டு இது. ஒரு சந்தை நாளில் நான் கண் விழித்தபோது அடுத்த கட்டில் காலி. கருப்பியின் புருஷன் தீர்த்தன் வந்து கூட்டிப்போய்விட்டான் என்றாள் லூர்துமேரி.

"காய்ச்சல் நின்னுடுச்சா?"

"தேவலைன்னாங்க."

"யாரு? அவளா, டாக்டரா?"

லூர்துமேரி விரிப்பை உதறி நாலாக மடித்தாள். "யாராவது ஒருத்தர் சொல்லணுமில்லீங்களா? சொன்னாத்தானே கட்டில் காலியாகும்."

தலையணைக்குக் கீழே அந்தத் துணி இருந்தது. லூர்துமேரி எடுத்துப் பார்த்தாள். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பால் வற்றிக் காய்ந்ததா, கருப்பி போன பிறகு காய்ந்ததா என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

8

நஞ்சம்மாள் இன்னும் வாசற்படியில் நிற்கிறாள். வெயில் அவள் முதுகில் அடிக்கிறது. அவளுக்குக் கால் வலிக்கும். இனி அவளை நிறுத்திவைக்க எனக்கு மனசில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

அந்த இடத்துக்கு நீங்கள் வாருங்கள். உங்களிடம் பழம் இல்லை, அது நல்லதுதான். இடது பக்கம் கருப்பி. மலையில் ஒரு குழந்தை பாலுக்கு அழுகிறது. வலது பக்கம் நான். டாக்டர் அறையில் ஒரே ஒரு ஆளுக்கான மருந்து இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறோம்.

எங்களிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். யாரிடம் முதலில் கேட்பது என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லால் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டால், இரண்டு கட்டிலிலிருந்தும் ஒரே பதில்தான் வரும்.