ஸ்நேகா குடித்த சொட்டு

பால்வாடி வாசலில் ஒரு தாயும் இல்லை. டாக்டர் கல்பனா காரில் இருந்தபடியே அதைக் கவனித்தாள். புதுவாயலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் காலனிக்கு அவள் வரும் நாட்களில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். இன்று ஆண்கள்தான் நின்றார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இம்மானுவேல் வீட்டு முன்னால் கூடியிருந்தார்கள்.

"மேடம், இறங்காதீங்க" என்று ஓடிவந்தார் அன்புசெல்வன். அந்த வட்டாரத்தில் அவளுடைய ஆராய்ச்சிக்கான வேலைகளைக் கவனிப்பவர் அவர்தான். "இம்மானுவேல் பொண்ணு ஸ்நேகாவுக்குக் காலையிலேர்ந்து வாந்தி. போன வாரம்தான் நம்ம சொட்டு மருந்து குடிச்சிது."

கல்பனா இறங்கினாள்.

கைக்குழந்தைகளை ஒரே நாளில் வற்ற வைத்துக் கொல்லும் வயிற்றுப்போக்குக்கு எதிராக அவள் உருவாக்கிய சொட்டு மருந்து அது. இளமை முழுவதையும் ஆய்வகத்தில் அதற்காகவே கழித்திருந்தாள். இப்போது கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள காலனிகளில் அது சோதனையில் இருந்தது. பாதிக் குழந்தைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது கொடுக்கும் நர்ஸுக்கும் தெரியாது, கல்பனாவுக்கும் தெரியாது. அந்த ரகசியம் டெல்லியில் ஒரு தனிக் குழுவிடம் இருந்தது. பெற்றோரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தார்கள். முதலில் சரி என்றவள் ஸ்நேகாவின் தாய் சாராள். அவளுடைய மூத்த பையனை அதே வயிற்றுப்போக்குதான் கொண்டுபோயிருந்தது. ஸ்டீல் கம்பெனியில் வேலை செய்யும் இம்மானுவேல் அவளுக்காக அரைமனதாகத் தலையாட்டியிருந்தான்.

"இன்னாத்த குடுத்தீங்க எம்பொண்ணுக்கு?" என்று அவன் இப்போது பாய்ந்து வந்தான்.

கல்பனா அவனைத் தாண்டி உள்ளே போனாள். சாராள் மடியில் குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று துணிபோல் துவண்டது. மறுபடி வீறிட்டது. "இப்டியேதான் டாக்டரம்மா, உட்டு உட்டு அய்துகினே கீது" என்று சாராள் ஒரு துணியை விரித்துக் காட்டினாள். ரத்தமும் சளியும் கலந்து, கூழ்போல் சிவப்பாக இருந்தது. கல்பனா குழந்தையின் வயிற்றைத் தொட்டாள். விரலுக்கடியில் நீளமாக ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிச்சு" என்றாள். "உடனே சென்னைக்குக் கொண்டு போகணும். சீக்கிரம் போனா ஆபரேஷன் இல்லாமலே சரி பண்ணலாம். தாமதிச்சா குடல் அழுகிடும்."

வெளியே இம்மானுவேலின் அண்ணன் சின்னதுரை காருக்குக் குறுக்கே நின்றான். "கொயந்தைய இட்டுகினு போயி விசயத்த மூடி மறைக்கப் பாக்கறீங்களா? மருந்தா, தண்ணியா? அத மொதல்ல சொல்லு!"

"தண்ணின்னு சொல்லிடுங்க மேடம்" என்று அன்புசெல்வன் காதோரம் கெஞ்சினார். "வழி விட்டுருவாங்க. உயிரு முக்கியம்."

அந்தப் பொய் கல்பனாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு சொல். கார் கிளம்பிவிடும். ஆனால் சாராள் கதவருகே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் கல்பனா. "மருந்தாவும் இருக்கலாம். அப்படின்னா இது அதனால வந்ததாவும் இருக்கலாம். கேட்டுத் தெரிஞ்சு நானே வந்து சொல்றேன். இப்ப குழந்தையக் காப்பாத்த விடுங்க."

கூட்டம் கொதித்தது. யாரோ ஓங்கி அடித்ததில் காரின் பக்கக் கண்ணாடி நொறுங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே சாராள் குழந்தையை மார்போடு அணைத்தபடி நடந்துவந்து காரில் ஏறினாள்.

"வழி உடுங்க மச்சான்" என்றாள் சின்னதுரையிடம். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீ வர்றியா, இல்லியா?"

இம்மானுவேல் ஏறிக்கொண்டான். சின்னதுரை விலகி நின்றான்.

நெடுஞ்சாலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. ஸ்நேகாவின் அழுகை ஓய்ந்துவிட்டது. அந்த அமைதிதான் கல்பனாவை அதிகம் பயமுறுத்தியது. நாடியில் விரலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஏற்பாடுகளைச் சொன்னாள். திடீரென்று இம்மானுவேல் கதவைத் திறந்து குதித்தான். லாரி லாரியாக ஓடிக் கதவுகளைத் தட்டினான். "கொயந்த சாவுதுய்யா, கொஞ்சம் ஓரம் கட்டு!" டிரைவர்கள் முன்னும் பின்னும் நகர்த்தி வழிவிட்டார்கள். அவன் காருக்கு முன்னால் ஓடிக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில், சொருகிய குடலைப் பின்னுக்குத் தள்ள ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். முதல் முறை குடல் அசையவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. அறுவை அறையைத் தயார் செய்யச் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒருமுறை முயன்றார்கள். திரையில் சொருகியிருந்த குடல் மெல்லப் பின்வாங்கி விடுபட்டது. கல்பனா வெளியே ஓடிப்போய்ச் சாராளிடம் சொன்னாள்.

பிறகு டெல்லிக்குப் போன் செய்து, சோதனையை நிறுத்திவைக்கும்படி அவளே கேட்டாள். இத்தனை வருஷத்து உழைப்பை ஒரு குழந்தைக்காகப் பாழாக்குகிறாள் என்று கூட வேலை செய்தவர்களே கோபித்தார்கள். டெல்லிக் குழுவினர் ரகசியத்தைத் திறந்து பார்த்தார்கள். ஸ்நேகாவுக்குக் கொடுத்தது மருந்துதான்.

அதைச் சொல்ல கல்பனா காலனிக்குப் போனாள். கேட்டு முடித்த சாராள் எழுந்தாள்.

"என்கிட்ட மட்டும் சொன்னா போதாது. இத குடிச்ச கொயந்தைங்க இன்னும் கீது. அதுங்க அம்மாங்க கிட்டயும் சொல்லுங்க."

பால்வாடியில் எல்லாத் தாய்மார்கள் முன்னாலும் கல்பனா சொன்னாள். எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் சொன்னாள். சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கோளாறு மருந்து குடிக்காத குழந்தைகளுக்கும் வருவதுண்டு, மருந்தால் வருவது மிக அபூர்வம் என்று பல மாதம் ஆராய்ந்து குழு சொன்னது. நிறுத்திவைத்த சோதனை மீண்டும் தொடர்ந்தது. ஒவ்வொரு தாய்க்கும் அறிகுறிகளைச் சொல்லியே தீரவேண்டும் என்பது கட்டாயமானது. பிறகு அந்தச் சொட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. மழைக்காலத்தில் ஒரு கட்டிலில் மூன்று குழந்தைகள் கிடந்த வார்டுகளில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

இம்மானுவேல் கல்பனாவோடு கடைசிவரை பேசவேயில்லை. அடுத்த பையன் பிறந்தபோது சொட்டு வேண்டாம் என்று சண்டை போட்டான். சாராள் கேட்கவில்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாரம் முழுவதும் அவன் வேலைக்குப் போகாமல், பையனின் வயிற்றில் கையை வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.