மூன்று நிமிடத்தில் எடுத்த மூச்சு

நான் குடிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோர்ட்டில் இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். அது இடுப்புயர டிரம்மில் வரும். சாய்த்து ஊற்றினால் பாதி தரைக்குப் போய்விடும். அதனால் ரப்பர் குழாயின் ஒரு முனையை டிரம்முக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவோம். நாக்கில் சுரீரென்று பட்டதும் குழாயைக் கேனுக்குள் விட்டுவிட்டுத் துப்புவோம். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான். அன்று மதியமும் ஒரு கேன் நிரப்பி, வேனை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டு அலமாரிக்கு பாலிஷ் போடக் கிளம்பினேன். இரண்டாவது திருப்பத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"யோவ், இறங்கு. ஊது."

"சார், நான் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஊதுய்யா."

ஊதினேன். கருவியில் எண் ஏறிய வேகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "என்னய்யா, டேங்க்கையே முழுங்கிட்டியா?"

"சார், இது பட்டறை ஸ்பிரிட்டு. குழாயில..."

"கதையெல்லாம் கோர்ட்டுல போய்ச் சொல்லு." லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு, கருவி துப்பிய சீட்டை என் கையில் திணித்தார்.

வீட்டில் என் மனைவி அந்தச் சீட்டைப் பார்த்தாள். என் குடி தாங்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள் அவள். இனி தொடமாட்டேன் என்று நான் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் திரும்பி வந்தாள்.

"மெஷினுக்கு உங்க மேல என்னங்க பகை?" என்று கேட்டாள்.

குடியை விட்டவன் தினமும் ஸ்பிரிட்டை வாயில் வைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன். அவள் துணிப்பையை எடுத்து அலமாரி முன்னால் வைத்தாள். துணியை மடிக்கவில்லை, அடுக்கவில்லை. வைத்ததோடு சரி.

வக்கீலுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "அண்ணே, ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிருங்க. ஆறு மாசம் லைசென்ஸ் போகும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா? நான் ஒத்துக்கிட்டா என் வீட்டுல பொண்டாட்டி இருக்கமாட்டா, தம்பி."

வழக்குத் தாளையும் சீட்டையும் அவர் முன்னால் விரித்தேன். வண்டியை நிறுத்திய நேரம் 2.10. 'பதினைந்து நிமிடம் கண்காணித்த பின் ஊத வைக்கப்பட்டார்' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். சீட்டில் கருவியே அச்சடித்த நேரம் 2.13.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானே பார்க்கலையே. எப்படிண்ணே?"

"நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டினவன். எனக்குத் தாவிப் படிக்கத் தெரியாது."

வாயில் ஒட்டியிருக்கும் சாராய ஆவி பதினைந்து நிமிடத்தில் போய்விடும், அதற்கப்புறம் வரும் மூச்சுதான் ரத்தத்தில் இருப்பதைக் காட்டும், அதற்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அவர் விளக்கினார். "வாயில எதையாவது வச்சீங்களா?" அப்போதுதான் குழாயைப் பற்றிச் சொன்னேன்.

விசாரணைக்கு மனைவியும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நிமிஷம் காத்திருந்தீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"பதினஞ்சு" என்றார் போலீஸ்காரர்.

"ரெண்டு பத்துக்கு நிறுத்தினீங்க, ரெண்டு பதிமூணுக்கு ஊத வச்சீங்க. இதுல பதினஞ்சு எங்கே இருக்கு?"

அவருக்கு வேர்த்தது. "வரிசையா வண்டி நிக்குதுங்க. ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம் நின்னா வேலை ஓடுமா? டிக்கெல்லாம் காலையிலேயே மொத்தமாப் போட்டு வச்சிருவோம்."

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. நான் தூங்கி எழுவதற்குள் என் மேல் டிக் போட்டு வைத்திருக்கிறார்கள்!

அடுத்து, ஊதும் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூட அதிகாரி கூண்டில் ஏறினார். "தினமும் குழாயில் ஸ்பிரிட் உறிஞ்சுகிற தொழிலாளி, உறிஞ்சித் துப்பிய கொஞ்ச நேரத்தில் ஊதினால்?" என்றார் வக்கீல், கூடமே அதிர.

"ஆவி வாயிலிருந்து வருதா நுரையீரலிலிருந்து வருதான்னு இந்தக் கருவிக்குத் தெரியாது. எண் ஏறத்தான் செய்யும்."

நான் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை.

சந்தேகத்தின் பலனை எனக்கு அளித்து விடுதலை என்று நீதிபதி வாசித்தார். சந்தேகமாம்! குடிக்கவில்லை என்று எழுத அவர் பேனாவில் மை இல்லையா? வெளியே போலீஸ்காரர் லைசென்ஸை நீட்டினார். "அடுத்த வாட்டி வாயைக் கொப்பளிச்சிட்டு வாய்யா."

"நீங்க கடிகாரம் வாங்கிட்டு வாங்க, சார்."

படிக்கட்டில் மனைவி நின்றிருந்தாள்.

"அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. நீங்க குடிக்கலை" என்றாள். நான் மூச்சு விடுவதற்குள், "மெஷின் கெட்டுப்போச்சுன்னு யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"உன்கிட்டதான்."

"எத்தனை வருஷமா உறிஞ்சுறீங்க?"

"பட்டறைக்கு வந்ததுல இருந்து. ஏழு வருஷம்."

"துப்பினது போக உள்ளே போனது எவ்வளவு?"

நான் லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"டிரம்முல என்ன எழுதியிருக்கு? நீங்கதான் தாவாமப் படிக்கிறவராச்சே."

"விஷம்னு எழுதியிருக்கு."

"படிச்சிட்டுமா வாயை வச்சீங்க?" அவள் படியிறங்கினாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே பட்டறைக்கு நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

"வாங்கம்மா, ஜெயிச்சாச்சாமே!" என்றார் முதலாளி.

அவள் எக்கி டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். மூடி அவளுக்கு அடியில். "இதுக்கு ஒரு கைப்பம்பு வாங்குங்க."

"எங்கப்பா காலத்துல இருந்து வாயிலதாம்மா எடுக்குறோம்."

"இனிமே எடுக்கணும்னா உங்க வாயில எடுங்க. பம்பு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன்."

பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கீழே வைத்தார்கள். முதலாளி என்னைப் பார்த்து முறைத்தார். "என்னய்யா பார்த்துட்டு நிக்கிறே? உன் வீட்டுக்காரிகிட்ட நீ சொல்லு."

"பம்புக் கடை ஆறு மணிக்குச் சாத்திருவாங்க, முதலாளி" என்றேன். "சீக்கிரம் கிளம்புங்க."