ரோசா நிற டைல்ஸ்

சுகுமாறன் சுத்தியலை ஓங்கினார், இறக்கினார், மூக்கைச் சொறிந்துகொண்டார். மறுபடி ஓங்கினார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், மனிதர் பெண்டாட்டி கல்லறைக்கு விசிறி வீசுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

“ஒடைக்கிறீங்களா மாமா, இல்ல எக்சசைஸ் பண்றீங்களா?” என்றாள் புஷ்பா. இறந்துபோன கண்மணியின் தங்கை. ஒரு கையில் குடை, இடுப்பில் கறிவேப்பிலைக் கன்று.

வினை அவரே தேடிக்கொண்டது. ஈஜோக் ஊரைத் தாண்டி, எஸ்டேட் ஓரத்து இடுகாட்டில் எல்லாக் கல்லறைக்கும் சிமெண்டு, டைல்ஸ். பெய்கிற மழைக்கு மண்ணுக்குள் இறங்க வழியில்லை. போன அடைமழையில் செல்லையாவுக்கு வெட்டிய குழி கிணறாகிவிட்டது. வாளியால் இறைத்து இறைத்து ஓய்ந்து, கடைசியில் சேற்றில்தான் கிழவரை இறக்கினார்கள். அடுத்து நடந்த ஊர்க் கூட்டத்தில் சுகுமாறன் எழுந்தார். சாலை வளைவுகளில் பூச்செடி நட்டுப் பிழைக்கிற காண்ட்ராக்டர்தான். ஆனால் மைக்கைக் கண்டால் மேதையாகிவிடுவார்.

“சிமெண்ட எடுப்போம். ஆளுக்கொரு மரம் வைப்போம். தண்ணி எறங்கட்டும், நெழல் விழட்டும்” என்றார். படமும் வரைந்து காட்டினார். பலத்த கைதட்டல். செல்லையாவின் மகன் அர்ஜுனன் மட்டும் பணிவாகக் கேட்டான்: “அப்போ அண்ணே, மொதல்ல உங்க வீட்டுக்காரம்மாவோடத எடுத்துருவோம் லா?”

படத்தில் அந்த ஒரு கல்லறையை மட்டும் அவர் வரைய மறந்திருந்தார்.

அதிலிருக்கும் டைல்ஸ் கல்லறைக்கென்று வாங்கியதே அல்ல. எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் குளிக்கிற இடம் வெளியே. தகரக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கண்மணி குளிக்கும்போது இவர் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பார். ஒருநாளும் திரும்பியதில்லை. இருவரும் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அப்போதுதான்; அவள் உள்ளேயிருந்து, இவர் எதிரே இருந்த கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தபடி. அவள் குளித்த தண்ணீர் ஓடி அந்தச் செடிக்குத்தான் போகும்.

“சொந்த வீடு கட்டினா பாத்ரூமுக்கு ரோசா கலரு டைல்ஸு. கதவுக்கு ரெண்டு தாப்பா” என்பாள்.

வீடு கட்டினார். புக்கிட் ரோத்தான் டவுன் கடையில் டைல்ஸை அவளே தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அது சுவரில் ஏறுமுன்னே போய்விட்டாள். அத்தனையையும் இங்கே சுமந்துவந்து, ஓரம் பிசகாமல் அவரே ஒட்டினார். வீட்டுக் குளியலறை இன்றைக்கும் வெறும் சிமெண்டுதான். கொடுத்த வாக்கை இடம் மாற்றிக் காப்பாற்றிய கணவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“சுடுகாட்டுக் கறிவேப்பிலைய எவ மாமா ரசத்துல போடுவா?”

“நான் போடுவேன்.”

புஷ்பா சிரிக்கப் போனாள். பாதியில் குடையைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலை இறக்கினார். முதல் டைல்ஸ் பிளந்த சத்தத்தில் அவருக்கே தூக்கிப்போட்டது. பிறகு நிறுத்தவில்லை. அடியில் மண் வெளுத்து, காய்ந்து, சுற்றிலும் இருந்த ஈரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கிடந்தது. குழி பறித்துக் கன்றை வைத்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. மற்ற கல்லறைகளின் மேல் தண்ணீர் தளும்பி நின்றது. இந்த ஒரு சதுரத்தில் மட்டும் களக் களக்கென்று உள்ளே இறங்கியது.

“மாமா, நனையுறீங்க. கொடைக்குள்ள வாங்க.”

“கொஞ்சம் இரும்மா.”

சுகுமாறன் கன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை.