அந்தரத்தில் நின்ற கோடு

பூங்காவின் பழைய மலைச்சாலையில், ஏழாவது வளைவின் வெள்ளைக் கோடு சாலையை விட்டு ஒரு முழம் வெளியே, பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. மூடுபனியில் அதை நம்பி ஓட்டிய மூன்று கார்கள் கீழே போயின. நான்காவதாகப் போனது, அந்தக் கோட்டைப் போட்டவரே ஓட்டிய இலாகா வேன். அவர் குடித்துவிட்டுச் சாலைக்கு வெளியே கோடு போட்டதாக இன்ஜினியர் அறிக்கை எழுதிக் கோப்பை மூடினார்.

கோடு போட்டவரின் மனைவி யாரையும் நம்பவில்லை. இன்ஜினியரை, வேனின் பிரேக்கை, துக்கம் கேட்க வந்த இடத்தில் சமையலறை அலமாரியைக் கண்ணால் துழாவிய நாத்தனாரை. கடைசியில், நினைக்கவே கூசினாலும், புருஷனையும். அளக்க டேப்பைத் தொடாத மனுஷன்; சாலை விளிம்பில் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டு வந்த இடத்தில் கோட்டைத் தொடங்குவார். அன்றைக்கு மட்டும் கை தவறியிருக்குமோ? பெயின்ட் தெறித்த அவருடைய முழுக்கைச் சட்டையை ஒன்பது வருடம் துவைக்காமல் மடித்தே வைத்திருந்தாள்.

கார் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று சாலையைத் திறந்த வாரத்தில் அந்தச் சட்டையோடும் ஒரு டப்பா பெயின்டோடும் எட்டாவது வளைவுக்குப் போனாள். கோடு போடும் வேலையின் மேற்பார்வைக்கு அதே இன்ஜினியர் வந்திருந்தார்.

"என்னம்மா, நீங்களும் இறங்கிட்டீங்களா?"

"பேச்சு அப்புறம் சார். அளவைப் பாத்துக்கோங்க."

சட்டைக் கையை முழங்கை மடிப்பிலிருந்து விளிம்பில் வைத்து நீட்டி, மணிக்கட்டு வந்த இடத்தில், சாலைக்கு உள்ளே கோடு போட்டாள்.

"கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு நான் பாக்கவே இல்லன்னுடுவீங்க."

சிரித்துக்கொண்டே ஈரக் கோட்டின் மேல் பேனாவால் கிறுக்கினார்.

மழைக்காலம் முடிந்து இருவரும் போய்ப் பார்த்தபோது, எட்டாவது வளைவு மலைப்பக்கமாக இரண்டு முழம் ஒதுங்கியிருந்தது. கோடு போட்ட இடத்திலேயே, இன்ஜினியரின் கையெழுத்தோடு அந்தரத்தில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ரோடுதாம்மா நகந்திருக்கு."

"எழுதிக் குடுங்க."

அங்கேயே எழுதினார். அவள் இரண்டு முறை படித்து, 'நகர்ந்திருக்கலாம்' என்றிருந்ததை அடிக்கச் சொல்லி, 'நகர்ந்தது' என்று எழுதவைத்தாள்.

இப்போது நடக்க வருகிறவர்கள் நனைந்த மழைக்கோட்டுகளை எட்டாவது வளைவின் கோட்டில்தான் உலர்த்துகிறார்கள். ஏழாவதின் கோட்டில் ஏற்கெனவே துணி நிறைந்து இடம் கிடையாது. ஒன்பது வருடம் கழித்துத் துவைத்த அந்தச் சட்டையை அவள் அங்கேதான் காயப்போட்டாள். கோட்டின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. காற்றின் மேல் வராததால் இரண்டு கிளிப் போட்டாள்.