எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள்

அப்பாவின் சவப்பெட்டியின் மேல் சரிந்த மாலையைத் தனுஜா நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது, கிளினிக் மிஸ்ஸி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் அறிந்த சிங்கள நர்ஸ். கும்பிட்டுவிட்டு, தனுஜாவின் அம்மா பாலம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் பேசினார்.

அப்பா இருளப்பனின் ஈரலில் புற்றுநோய் வந்தது இரத்தத்தில் இருந்த ஹெப்படைட்டிஸ் பி கிருமியால் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். வீட்டிலுள்ளவர்களும் இரத்தம் சோதிக்க வேண்டும். கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போடலாம், இருந்தாலும் மருந்து உண்டு. காரியம் முடிந்த பிறகு வந்தால் போதும்.

"அம்மாகிட்ட சொல்லுங்க" என்று தனுஜாவைப் பார்த்தார்.

நான்கு வருடத்துக்கு முன்பும் ஒரு டாக்டர் இப்படித்தான், அப்பாவிடம் சொல்லச் சொன்னார். அப்பா பதினொரு வருடம் குவைத்தில் துப்புரவு வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். வெளிநாடு போய் வந்தவர்களுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த இரத்தப் பரிசோதனையில் அவர் பெயரும் வந்தது. சந்தைக்குப் போதுமான சிங்களம்தான் அவருக்குத் தெரியும். கண்டி மாநகரசபையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தனுஜா டாக்டரிடம் கூடப் போனாள்.

கிருமி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் வர வேண்டும் என்றார் டாக்டர். பிறகு, அங்கே வேறு பெண்களோடு தொடர்பு இருந்ததா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். அடுத்த கதிரையில் அவளுடைய அலுவலகத்துச் சண்முகநாதன் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார். தனுஜாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்பாவிடம் கேட்காமலே "இல்லை" என்றாள்.

"என்னாம்மா சொல்றாரு?" என்றார் அப்பா.

"ஈரல்ல கொஞ்சம் கொழுப்பாம். எண்ணெயக் கொறைக்கணுமாம்."

அவர் நிம்மதியாகச் சிரித்தார். கிளினிக் அட்டையை அவள் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டாள். அன்றிலிருந்து அவர் குடித்த கோப்பையில் அவள் குடிக்கவில்லை. அவருக்கு அங்கே யாரோ இருந்திருக்கிறாள் என்றே நம்பினாள். போன வாரம்தான், பேராதனை ஆஸ்பத்திரி வார்டில் இன்னொரு டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். பெரும்பாலும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வருவதுதானாம். அப்போது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது.

மிஸ்ஸி இன்னும் காத்திருந்தார். நாலு வருடத்துக்கு முன்பே சொல்லியும் இவர் ஏன் கிளினிக் வரவில்லை என்று அம்மாவிடம் கேட்கும்படி சொன்னார்.

தனுஜா எல்லாவற்றையும் சொன்னாள், அந்தக் கேள்வியையும்.

"அப்ப ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும். நான் மாத்திச் சொல்லிட்டேன்."

 அம்மா பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருசமா அந்த மனுசன் ஒரு வடகூடத் திங்கலியே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தனுஜாவிடம் எதுவும் பேசவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா கிளினிக்குக் கிளம்பினாள். பக்கத்து லயத்து வீட்டுச் சுகிர்தாவைக் கூட்டிக்கொண்டாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. யாரும் கூப்பிடாமலே தனுஜாவும் பின்னால் நடந்தாள். பஸ்ஸில் மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.

அறைக்கு வெளியே நின்றபோது உள்ளே பேசுவது கேட்டது. டாக்டர் சொல்லச் சொல்ல, சுகிர்தா தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னாள். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிறுத்தினாள். அந்தச் சொல் தனுஜாவுக்குத் தெரியும். அவள் கதவருகே போகவில்லை. சுகிர்தா வேறு எப்படியோ சுற்றிச் சொல்லி முடித்தாள். அம்மா "ம்" என்றாள்.

பிறகு கதவு திறந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு அம்மா வெளியே வந்து, மகளைத் தாண்டிப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

அடுத்து தனுஜாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சிங்களம் விளங்குமா, யாராவது கூட வர வேண்டுமா என்று நர்ஸ் கேட்டார்.

விளங்கும் என்று சொல்லிவிட்டு, அவள் கையை நீட்டினாள்.