மூன்றாவது பண்ணைக்குப் பிறகு

பண்ணைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூட்ஸ் மேடம். ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்காமல் யார் கொட்டகைக்குள் காலை வைத்தாலும், முதலாளியே ஆனாலும், வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பன்றிகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்க, எட்டுப் பண்ணைகளில் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. அதே பண்ணைகள், அதே வரிசை, இரண்டு மாத இடைவெளியில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஒரே ஒரு பண்ணையில்தான் நோய் இருந்தது.

இரண்டாம் சுற்றின் முடிவு இன்று காலை வந்தது. ஆறு பண்ணைகள்.

"மேடம், இங்க வாங்க," என்று லேப்பில் ஜோசியர் கூப்பிட்டார். அவர் நிஜ ஜோசியர் இல்லை. வைரஸின் மரபணுவைப் படித்து எது எதற்குப் பிள்ளை என்று சொல்பவர், அதனால் அந்தப் பெயர். திரையில் கிளை கிளையாக ஒரு மரம் இருந்தது.

"பாருங்க, இந்தப் பண்ணையோட வைரஸ்தான் தாய். மத்த அஞ்சும் இதுக்குப் பொறந்தது. ஒவ்வொண்ணும் தனித்தனியா அஞ்சாறு எழுத்து மாறியிருக்கு, அவ்வளவுதான். எவனோ ஒருத்தன் இங்கேருந்து எடுத்துட்டுப் போய் வீடு வீடா குடுத்திருக்கான். தீவன வண்டிக்காரனா, பன்னி வியாபாரியான்னு கண்டுபிடிக்கணும்."

"பிடிச்சா தோலை உரிக்கணும்," என்றேன். சிரித்தார்.

அவரிடம் இருந்தவை வெறும் எண்கள். எந்த எண் எந்தப் பண்ணை, எதற்குப் பின் எங்கே போனேன் என்பது எனக்குத்தான் தெரியும். மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். நான் முதலில் போன இரண்டும் சுத்தம். தாய் வைரஸ் இருந்தது மூன்றாவது, முதல் சுற்றிலேயே நோய் இருந்த பண்ணை. அந்தச் சுற்றில் அதற்குப் பிறகு போன ஐந்தில் இப்போது ஒன்றுகூடத் தப்பவில்லை.

உடை, பூட்ஸ், கையுறை, ஊசி எல்லாம் பண்ணைக்குப் பண்ணை மாற்றியிருந்தேன். மாற்றாதது ஒன்றுதான். பன்றியின் மேல்தாடையில் மாட்டி இழுத்துப் பிடிக்கும் சுருக்குக் கயிறு. புதுக் கயிறு வழுக்கும். இது என் கைக்குப் பழகியது. மருந்தில் அரை மணி நேரம் ஊற வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. நான் ஒரு முக்கு முக்கி எடுத்துவிடுவேன். பத்துப் பன்றி காது கிழியக் கத்தும்போது அரை மணி நேரம் யார் காத்திருப்பது? எச்சிலும் ரத்தமும் முறுக்குக்குள் காய்ந்து கிடந்திருக்கும்.

ஜோசியரிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அக்காவின் நினைவு வந்தது.

அக்காவின் பண்ணை இந்தக் கணக்கெடுப்பிலேயே இல்லை. அவளும் அத்தானும் இரண்டே பன்றிகளில் தொடங்கி, ஒன்பது வருடம் நாயாய் உழைத்து, நாற்பது தாய்ப்பன்றிகள் ஆக்கியிருந்தார்கள். நாற்பதும் இப்போது நிறைசினை. பன்னிரண்டு நாள் முன்பு இரண்டாம் சுற்றை முடித்த கையோடு அங்கே போனேன். ஒன்று காலை நொண்டியது. பிடித்து ஊசி போட்டேன். பிடித்தது அதே கயிற்றால்தான்.

வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன்.

"சொல்லுடி," என்றாள் அக்கா. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரெண்டு நாளா ஏழெட்டு தீவனத்தை மோந்துகூட பார்க்க மாட்டேங்குது. காலையில ஒண்ணு நாள் வர்றதுக்கு முன்னாடியே குட்டி போட்டுடுச்சு, அத்தனையும் செத்து. வெயிலுங்கறார் அத்தான். நீ வந்து ஒரு பார்வை பார்த்துடு."

"அக்கா, கொஞ்சம் கேளு..."

"வேற டாக்டரைக் கூப்பிடலாம்னார். நான் விடலை. கண்டவனும் நாலு பண்ணையில சுத்திட்டு அப்படியே வந்து நிப்பான். உன்ன மாதிரி சுத்தம் யாருக்கு வரும்?"

"அக்கா, அது வெயில் இல்லை. நோய். நான்தான் கொண்டு வந்தேன். அன்னிக்கு அந்த நொண்டிக்குப் போட்டேனே கயிறு, அதுல வந்திருக்கு."

"என்னடி உளர்றே?" என்று சிரித்தாள். "நீயாவது, நோயைக் கொண்டு வர்றதாவது!"

பின்னால் அத்தானின் குரல். கொட்டகையிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. "இன்னும் மூணு போட்டுடுச்சு. ஒண்ணுகூட உயிரோட இல்லை. போன்ல உன் தங்கச்சியா? உடனே கிளம்பி வரச் சொல்லு."

அக்காவின் சிரிப்பு நின்றிருந்தது. போனை வைக்கவில்லை. அத்தானிடம்தான் சொன்னாள், மெதுவாக.

"அவ வர வேண்டாம்."