புள்ளி வைத்த உருண்டைகள்

மூத்தவளுக்கு ஓரகத்தியின் மேல் சந்தேகம் விழுந்தது ஒரு பாராட்டினால். யாராவது திட்டியிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். வழக்கமாக பன் வாங்கும் டீச்சர் வாசலில் நின்று, மாடியில் இருப்பவர் செய்த பன் போன தடவை பஞ்சு மாதிரி இருந்தது, அவர் தனியாகவும் ஆர்டர் எடுக்கிறாரா என்று கேட்டுவிட்டு, தன் பாட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். கேட்டவள் அதை அந்தத் தெருமுனையிலேயே மறந்திருப்பாள். மூத்தவளால் மறக்க முடியவில்லை.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இருவரும். மூத்தவள் கீழே, இளையவள் மாடியில். ஆண்டிறுதி விடுமுறைக்கு பன்னும் குக்கியும் செய்து விற்பது மூத்தவள் தொடங்கிய தொழில். இளையவள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் பிசைந்து சுடுவதென்றால் நாலு கை போதாது. அதனால் சில வாரங்கள் முன்பே மாவு வேலையை முடித்துவிடுவார்கள். குக்கி மாவை நீளமாக உருட்டித் தாளில் சுற்றி உறைய வைத்தால், சுடும் அன்று வில்லை வில்லையாக அறுத்து அடுக்கிவிடலாம். பன் மாவு பொங்குவதற்கு முன்பே உருண்டை பிடித்து, கல்லாக உறைந்ததும் பைகளில் கட்டி, பின்னறையில் இருக்கும் பெரிய பிரீசருக்குள் இறக்குவார்கள். விடுமுறை வந்ததும் வெளியே எடுத்து வைத்தால் போதும். அசந்து கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொண்டு மாவை மேலே தூக்கிவிடும்.

அந்த பிரீசர் மூத்தவள் பழசாக வாங்கியது. வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்; எல்லோரும் சொன்னதாலேயே வாங்கினாள். அதைப் பற்றி அவள் காதுபட ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட முடியாது. ஒருமுறை இளையவள் மூடியின் ரப்பரைச் சும்மா தடவிப் பார்த்ததற்கு, அன்று முழுவதும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

டீச்சர் வந்துபோனதிலிருந்து மூத்தவள் கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள். இளையவள் மாடியேறினால் கையைப் பார்த்தாள், இறங்கி வந்தால் முகத்தைப் பார்த்தாள். தனியாக ஆர்டர் எடுக்கிறவளுக்கு மாவு எங்கிருந்து வரும்? போய் உருண்டைகளை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. சாதாரண மனுஷி என்றால் அத்தோடு விட்டிருப்பாள். இவளுக்கு அதுவே புது சந்தேகத்தைக் கிளப்பியது. கெட்டிக்காரி எண்ணிக்கையைக் குறைய விடுவாளா? நல்ல உருண்டையை எடுத்துக்கொண்டு, மட்டமான மாவில் பிடித்ததைப் பதிலுக்குப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆகவே ஒவ்வொரு உருண்டையின் அடியிலும் பல்குத்தும் குச்சியால் ஒரு புள்ளி வைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். உறைந்த மாவில் குச்சி இறங்கவில்லை, ஒடிந்தது. இளையவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகும் நேரமாகப் பார்த்து, பைகளை மேஜைமேல் கொட்டிப் பரப்பி, கொஞ்சம் இளகட்டும் என்று காத்திருந்து குத்தினாள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் இளகிய மாவில் பாதிப் புள்ளிகள் தூர்ந்துபோயிருந்தன. திரும்பவும் இளக வைத்து, திரும்பவும் குத்தி, திரும்பவும் உள்ளே வைத்தாள். அப்புறம் தினமும் இதே வேலைதான்.

பலன் கிடைத்தது. ஒருநாள் மேல்பையில் இருந்த உருண்டைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. அவளுக்குத் துக்கமாக இருந்தது. தான் நினைத்தது சரியாகிவிட்டதில் உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. அந்தப் பையை மட்டும் சாட்சிக்கு அப்படியே கட்டி உள்ளே வைத்துவிட்டு, புருஷனிடம் போய்ச் சொன்னாள். மாவுக்கு அடையாள அட்டை கொடுத்த முதல் ஆள் நீதான் என்று சொல்லிவிட்டு அவன் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

மறுநாள் கடைக்குப் போவதாகப் போக்குக்காட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வழியாகத் திரும்பி வந்தாள். இளையவள் துணி மூடிய பாத்திரத்தோடு பின்னறையிலிருந்து வெளியே வந்தாள். கையும் களவுமாக.

“என்ன அது?”

“ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் கெட்டுப்போன மாவு.”

“என் பிரீசர்ல வெச்சது எப்படிக் கெடும்?”

இளையவள் என்னவோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினாள். மூத்தவளுக்கு அது போதும். நல்லதை மேலே கொண்டுபோய் உன் மட்டமான மாவை உள்ளே போடுகிறாய், தனியாகப் பேர் வாங்க என் உழைப்புதான் கிடைத்ததா என்று மூச்சு விடாமல் கேட்டுத் தீர்த்தாள். இளையவள் பாத்திரத்தைப் படியில் வைத்தாள்.

“அப்படியா நெனைச்சிட்டீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். மாடிக்குப் போய்விட்டாள். மூத்தவள் பாத்திரத்தின் துணியைக்கூட விலக்காமல் குப்பையில் கவிழ்த்தாள். பின்னறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். சுடும் நாள் வரைக்கும் இருவருக்கும் பேச்சே இல்லை.

அன்று காலை குக்கிகள் பொன்னிறமாக வெந்து வந்தன. அவள் இல்லாமலும் நடக்கும் என்று மூத்தவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பிறகு பன் உருண்டைகளைத் தட்டுகளில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, பொங்குவதற்கு விட்டாள். வெகுநேரம் கழித்துத் துணியைத் தூக்கினால், வைத்தது வைத்தபடி கிடந்தது. அடுப்படிச் சூட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அசையவில்லை. நசுங்கிப் பரந்து, இலேசான புளித்த வாடையோடு அப்படியே கிடந்தது. சாயங்காலம் டீச்சர் வந்து நிற்பாள், அவளுக்குப் பின்னால் பாதித் தெரு வந்து நிற்கும்.

ஈஸ்ட் சாகட்டும் என்று மாவில் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள் பாவி, என்று மூத்தவளுக்குத் தோன்றியது. குக்கியை விட்டுவிட்டு பன்னில் மட்டும் கை வைத்திருக்கிறாள். பேர் போவது பன்னில்தானே.

கடைசித் தட்டின் துணியையும் விலக்கினாள். அதில் இருந்தவை மட்டும் கொழுகொழுவென்று இரண்டு மடங்காக எழும்பி நின்றன. ஒன்றைத் தூக்கி அடியைப் பார்த்தாள். புள்ளி இல்லை. இன்னொன்றிலும் இல்லை. செத்துக் கிடந்த தட்டுக்குப் போய்ப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் அவள் தினமும் குத்திக் குத்தி ஆழமாக்கிய புள்ளி இருந்தது.

மூத்தவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குக்கியில் ஈஸ்ட் கிடையாது. நூறு தடவை இளகினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பன் மாவு அப்படியில்லை. உறைந்ததை இளக்கித் திரும்ப உறைய வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். தினமும் மத்தியானம் தட்டி எழுப்பி, தினமும் திரும்பக் குளிரில் தள்ளினால் எந்த ஈஸ்ட்தான் பிழைக்கும்? மாவைக் கொன்றது அவள் கைதான். யார் மேலும் பழியைப் போட வழியில்லை.

மாடிப்படி அன்றைக்கு நீளமாக இருந்தது. இளையவளின் சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. மேஜை நிறைய தட்டுகள். ஈரத்துணிக்கு அடியில் பன் மாவு பொங்கிக்கொண்டிருந்தது. தன் ஃபிரிட்ஜின் சின்ன உறைபெட்டியில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அவள் வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

“தினமும் நான்தான் வெளில எடுத்து வெச்சேன். புள்ளி வெக்க,” என்றாள் மூத்தவள்.

“எனக்கு அது தெரியாதுக்கா. மாவு இளகி ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. மூடி ரப்பர் போயிருச்சுன்னு நெனைச்சேன். சொன்னா உங்க பிரீசரைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். அதான் கெட்டதை எடுத்துட்டு, புதுசா பிசைஞ்சு உறைய வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டு இருந்தேன். நீங்க பூட்டிட்டீங்க.”

மாற்றாமல் நின்றுபோன மிச்சத்தைத் தானாகவே ஏன் எடுத்து வைத்தாள் என்பதையும் சொன்னாள். கீழேயிருந்து குக்கி வாசம் மட்டும்தான் வந்ததாம். பன் வாசம் வரவே இல்லையாம். மூத்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையதுதான், புத்தி கெட்டுப்போய்ப் பேசிவிட்டேன், நீ தனியாகப் போய்விடுவாயோ என்ற பயத்தில்தான் இத்தனையும் செய்தேன் என்று ஒளிக்காமல் கொட்டினாள். கேட்டுக்கொண்டே இளையவள் ஒரு தட்டைத் தூக்கி அவள் இரண்டு கையிலும் வைத்தாள். மேலே துணியை இழுத்துச் சரிசெய்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. மூத்தவள் அதை மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

“பாத்து எறங்குங்க. மத்த தட்டை நான் கொண்டாறேன். இன்னிக்கு ஆர்டர் எல்லாத்தையும் சேர்ந்தே முடிச்சுடலாம்,” என்றாள் இளையவள். பிறகு அதே குரலில், “தனியா பண்ணணும்னு இதுவரைக்கும் நான் நெனைச்சதே இல்லக்கா. இப்ப நெனைக்கிறேன்,” என்றாள்.

இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் மூத்தவளால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. மாவு அதிராமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.